அந்தப் பக்கம் ஆள் இருக்கு

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தவன். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து படித்ததைவிட நான் ஒருவன் படித்தது அதிகம். கடை தேறாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று என்னைப் பெற்ற அத்தா கடைசிவரை நம்பினார். வேர்க்கடலை மடித்து வந்த தாள், தைலப் பாட்டிலில் எறும்புக் கால் அளவில் அச்சடித்த எச்சரிக்கை, பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பிரித்து வைத்திருக்கும் சொந்தக் கடிதம் என்று எதையும் நான் விட்டதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தாளைத்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என் தங்கை ஜமீலாவின் தலையில் மின்சாரம் வைக்கச் சம்மதம் என்று எழுதியிருந்த தாள் அது.

எண்பதுகளின் பிற்பகுதி. ராஜபாளையத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோம். மேசைமேல் தாளை நகர்த்தினார்கள். நோட்டும் பேனாவும் கூட விற்கிறவன் அல்லவா, முதலில் தாளைத் தடவிப் பார்த்தேன். நல்ல தடிமன், மை ஊறாது. ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்து, புள்ளி வைத்துக் கொடுத்தேன். இலக்கியவாதியின் கையெழுத்து.

“படிச்சியளா தம்பி?”

திரும்பினேன். காக்கிக் கால்சட்டையும் வெள்ளை அரைக்கைச் சட்டையுமாக ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பேசின். அதில் உப்புத் தண்ணீரில் கரண்டு வைக்கும்போது நெற்றியில் வைக்கிற பேண்டேஜ் துணி ஊறிக்கொண்டிருந்தது.

“ம்.”

“என்ன போட்டிருக்கு?”

“டாக்டருக்குத் தெரியாததா” என்று சமாளித்தேன்.

“டாக்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்” என்றார். குரலில் குத்தலே இல்லை. அதுதான் குத்தியது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்க இப்போது அவர் இல்லை. கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த கொள்கை; பாக்கி விஷயங்களில் அவர் சாதாரண மனிதர், வெற்றிலை போடுவார், குறட்டை விடுவார். ஊரில் எல்லோரும் சொல்வதுபோல கரண்டு அண்ணாச்சி என்றே நானும் சொல்கிறேன்.

அந்தக் கொள்கையை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நர்சிங் ஹோமுக்கு வருமுன் நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். மெயின் சுவிட்சு ஒரு கோடியில், வேலை செய்கிற ஆள் மறுகோடியில். சுவிட்சைப் போடும் முன் “போடட்டா?” என்று கத்த வேண்டும். அந்தப் பக்கமிருந்து “போடு” என்று சத்தம் வரும்வரை கையை வைக்கக் கூடாது. ஒருமுறை ஒருவன் கேட்காமல் போட்டுவிட்டான். மறுகோடியில் இருந்தவர் அண்ணாச்சி. இடது கையில் இரண்டு விரல்கள் அதற்குப்பின் மடங்கவே இல்லை. வணக்கம் சொல்லும்போது அந்த இரண்டும் மட்டும் வேறு யாருக்கோ வழி காட்டுவது போல் நிற்கும்.

நர்சிங் ஹோமில் கரண்டு பெட்டி ரிப்பேர் என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோ அளவில் ஒரு மரப்பெட்டி, ஒரு முள், இரண்டு திருகு. சரிசெய்து முடித்துவிட்டு, “இது எதுக்குங்கய்யா?” என்று கேட்டாராம். டாக்டர் விளக்கியிருக்கிறார். மனம் முற்றிலும் உடைந்து, சாப்பாடு இறங்காமல், சாகவேண்டும் என்று கிடப்பவர்களுக்கு, நெற்றியில் இரண்டு பக்கமும் ஒருசில நொடி. வலிப்பு வரும், அடங்கும். சிலருக்கு அது உயிரையே மீட்டுக் கொடுக்கும்.

“அப்ப ஒயருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு” என்றாராம் அண்ணாச்சி.

“ஆளுக்குத்தானேப்பா வைத்தியம்.”

“கேட்டுட்டுத்தானய்யா போடுதீய?”

டாக்டர் மதுரையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருகிறவர். நல்ல மனிதர், களைத்த மனிதர். மயக்கம் கொடுக்கத் தனி டாக்டர் இந்த ஊருக்கு வரமாட்டார் என்பதால் நேரடியாகவே வைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். அது அவருடைய நல்ல மனசு. பிறகு பல வெள்ளிக்கிழமைகள் அதற்காக வருந்தினார்.

ஏனென்றால் அண்ணாச்சி ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டார். வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க ரப்பர் கட்டை ஒன்றை வாயில் வைப்பார்கள். மற்ற இடங்களில் அதை வைப்பது ஊழியர். அண்ணாச்சி அதைக் கழுவித் துடைத்து நோயாளியின் உள்ளங்கையில் கொடுப்பார். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எப்போதும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: “கரண்டு வைக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு.” அந்த ஆள் தன் கையாலேயே கட்டையை எடுத்து வாயில் வைத்தால்தான் அடுத்த வேலை. வைக்கவில்லையென்றால், எழுந்துபோய் பெட்டியிலிருந்து ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

“என்னப்பா, மெஷினுக்கு இன்னைக்கும் உடம்பு சரியில்லையா?” என்பார் டாக்டர்.

“ஆமாங்கய்யா. வெள்ளிக்கிழமை பாப்போம்.”

இருவருக்கும் தெரியும். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்.

வேலையில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலை மூட நாலு சீட்டுக்காரர்களிடமும் கேட்பார். நாலாவது ஆள் சம்மதிப்பதற்குள் மழை நின்றுவிடும். முடி வெட்டுகிறவர் கத்தரியை எடுத்தால், ‘நானும் இருக்கேன், கேட்டுட்டு வெட்டும்’ என்பார். திறந்து கிடக்கிற கதவைத் தட்டுவார். இதற்கெல்லாம் உச்சம் அவருடைய கல்யாணம். அதை நான் கேட்டது அவர் மனைவியின் வாயால்.

“தாலியைக் கையில வாங்கிட்டாவ. கெட்டிமேளம்னு சத்தம் கொடுத்தாச்சு. இவிய மேளத்தை நிறுத்தச் சொல்லுதாவ. எனக்கு ஈரக்குலை நடுங்குது, வேண்டாம்னு ஓடப்போறாவளோன்னு. குனிஞ்சு என்கிட்ட ‘கட்டட்டுமா’ங்காவ. நான் குனிஞ்ச தலை நிமிரல. ‘சத்தம் வரலியே’ங்காவ. நல்ல நேரம் போகுதுன்னு பெரியாளுக பறக்காவ. ‘ம்’னேன். ‘சரியாக் கேக்கல’ங்காவ. எனக்கு வந்துச்சே கோவம், ‘கட்டித் தொலையும்’னுட்டேன். முன்னால மைக்கு இருந்திருக்கு தம்பி. பந்தியில இருந்தவன் வரைக்கும் கேட்டுருச்சு.”

அண்ணாச்சி அருகில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “சத்தம் தெளிவா இருந்துச்சு” என்றார்.

இவ்வளவு சிரிக்கவைத்த மனிதரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராமல் போனதற்கு நான்தான் காரணம்.

ஜமீலாவின் குழந்தை ஆயிஷா ஒன்பது மாதத்தில் இறந்துபோனது. மழைக்காலத்து வாந்தியும் பேதியும், இரண்டே நாள். மச்சான் சவுதியில் இருந்தார்; குழந்தையை அவர் பார்த்ததே இல்லை. அத்தாவுக்குப் போட்டோ எடுப்பது ஆகாது, மச்சான் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததே அவருக்கு மனக்குறை. ஆகவே ஆயிஷாவுக்குப் போட்டோ கிடையாது. அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து ஜமீலா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் நிறுத்திவிட்டாள். ஏன் என்று அம்மா அழுதுகொண்டு கேட்டதற்கு, “தின்னா பால் ஊறுதும்மா. ஊறி என்ன செய்ய?” என்றாள். அதற்குப் பிறகு எங்களிடம் பேசவும் இல்லை. ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனபோது நானே இரண்டு கையில் தூக்கிக்கொண்டு படியேறினேன். அகராதி ஒன்றைத் தூக்குகிற கனம்கூட இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை. அண்ணாச்சி எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அந்த அறைக்குக் கதவில்லை, பச்சைத் திரைதான். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். படிக்க ஒன்றும் கிடைக்காத இடத்தில் ஒட்டுக்கேட்பேன்.

“கரண்டு வைக்கட்டுமா தாயி? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு.”

பிறகு, பல நாட்களாக நாங்கள் கேட்காத குரல்: “பாப்பா ஞாபகம் போயிருமா அண்ணாச்சி?”

“எனக்குத் தெரியாதும்மா. டாக்டர்ட்ட கேட்டுட்டு வாரேன்.”

வெளியே வந்து டாக்டரிடம் கேட்டார். கொஞ்சநாள் மறதி இருக்கும், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்றார் டாக்டர். அண்ணாச்சி உள்ளே போய் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். “‘பெரும்பாலும்’னு டாக்டர் சொன்னாரு. அந்த ‘பெரும்பாலும்’ எம்புட்டுன்னு எனக்குத் தெரியல.”

“அப்ப வேண்டாம்.”

ஃபியூஸ் பையில் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமையும் வேண்டாம் என்றாள். ஆனால் அன்று அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. “பாப்பா எப்படி இருப்பா?” என்று கேட்டார். ஜமீலா சொல்லத் தொடங்கினாள். கரைகிற குரலில், விட்டுவிட்டு, அரைமணி நேரத்துக்கு மேல் சொன்னாள். வெளியே நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் போய்விடுவாரே, இந்த ஆள் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். அதனால் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒட்டுக்கேட்பதில்கூட நான் உருப்படவில்லை. கடைசியில் அவள் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

“ஒருவேளை போயிருச்சுன்னா, நீங்க திருப்பிச் சொல்லுவியளா?”

“சொல்லுதேன் தாயி.”

அடுத்த செவ்வாய்க்குள் அவள் கண் குழிக்குள் போய்விட்டது. குளுக்கோஸ் ஏற்றக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் தன் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் அண்ணாச்சியை வராந்தா மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“நீங்க கேக்குற மாதிரி கேட்டா அவ செத்துருவா அண்ணாச்சி.”

“வேற எப்படிக் கேக்க?”

“உங்க கையால குடுத்தா ரெண்டு மடக்கு மோராவது குடிக்கா. எங்க யார் பேச்சையும் கேக்கல. எனக்காக வச்சுக்கோ தாயின்னு சொல்லுங்க. மாட்டேங்க மாட்டா.”

அவர் என்னையே பார்த்தார். “அது கேக்குறதாகுமா தம்பி?”

“ஒரே ஒரு சொல்லு அண்ணாச்சி. ஒரு உசுரு.”

சொற்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் நான். ஒரு சொல்லை இலவசமாகக் கொடுத்தேன்.

திரைக்குப் பின்னால் அவர் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. “கரண்டு வைக்கட்டுமா தாயி? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு.” அதோடு நிற்கும் வாக்கியம் அது. அன்றைக்கு, கொஞ்சம் இடைவெளி விட்டு, “எனக்காக, தாயி” என்றார்.

ஜமீலா சொன்ன பதிலை நான் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “உங்களுக்காகன்னு சொல்லிட்டியளே அண்ணாச்சி. பொறவு எப்படி மாட்டேன்னு சொல்ல?”

எங்கள் பக்கத்து மனிதர்களின் பழக்கம் இது. பிரியமாகக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பசியே இல்லாமல் இன்னொரு தோசை சாப்பிடுவோம், முகமே தெரியாதவருக்கு ஜாமீன் நிற்போம். சாகக் கிடந்த நிலையிலும் என் தங்கை மரியாதை தவறவில்லை. கட்டையை எடுத்துத் தன் கையாலேயே வாயில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே போன டாக்டர் தலையசைத்திருப்பார். சத்தம் வந்துவிட்டது. ஆனால் அது கரண்டுக்கு வந்த சத்தம் இல்லை என்பது திரைக்கு வெளியே நின்ற எனக்கே தெரிந்தது என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் சுவிட்சு விழுந்தது.

அதன்பிறகு ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் கேட்டார், அவளும் ‘ம்’ என்றாள். எதற்கு ‘ம்’ என்று அவளுக்கு நினைவிருந்ததா, தெரியாது. மூன்றாவது முறைக்குப் பின் இட்லி கேட்டாள். ஆறாவதற்குப் பின் அம்மாவின் தலையில் பேன் பார்த்தாள். பிழைத்துக்கொண்டாள். இதை நான் எந்தக் காலத்திலும் சிறுமைப்படுத்திச் சொல்லமாட்டேன். டாக்டர் செய்தது வைத்தியம்; அவர் இல்லையென்றால் எனக்குத் தங்கை இல்லை.

வீட்டுக்கு வந்து இருபது நாள் இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “பிள்ளை பெத்து நாப்பதாம் நாள் தலைக்கு ஊத்துனது வரைக்கும் ஞாபகம் இருக்குண்ணே. அதுக்குப் பொறவு பாப்பாவைக் காணோம்” என்றாள், வீட்டுக்குள் எதையோ வைத்துவிட்டுத் தேடுகிற குரலில்.

திரும்பி வரும் என்று காத்திருந்தோம். சில வந்தன. பக்கத்து வீட்டுக் கல்யாணம் வந்தது, குழம்பு தீய்ந்த நாள் வந்தது. ஆயிஷா வரவில்லை. பாப்பா எப்படி இருப்பாள் என்று ஜமீலா ஒவ்வொருவரிடமும் கேட்டாள். நிலா மாதிரி இருக்கும் என்றாள் அம்மா. தகப்பன் ஜாடை என்றார் மச்சானின் அம்மா. வலது கன்னத்தில் மச்சம் என்றார்கள் பக்கத்து வீட்டில். இடது என்றார்கள் எதிர்வீட்டில். என்னிடமும் கேட்டாள். குழந்தை என் மடியில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறது. அப்போதெல்லாம் என் கையில் ஒரு புத்தகம் இருந்திருக்கிறது.

“நல்லா, குண்டா இருக்கும்.”

“பிள்ளைன்னா குண்டாத்தாண்ணே இருக்கும்” என்றாள். கோபமாக இல்லை. கோபித்திருக்கலாம்.

அப்புறம்தான் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அவளை அழைத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். அண்ணாச்சி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஜமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “இவிய யாருண்ணே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அது அவர் காதில் விழுந்தது. ஈரத் துணியைக் கொடியில் போடாமல் பிடித்தபடியே நின்றார். பிறகு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். “உனக்குக் கரண்டு வச்சது நான்தாம்மா. நீ ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னே. மூணாவது தடவை நான் கேட்டது சரியில்ல. என் வாயில அப்படிக் கேட்டுருக்கக் கூடாது.” அந்தச் சொல் யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லவில்லை.

“பாப்பாவைப் பத்தி நீ எங்கிட்டச் சொன்னது இருக்கு. சொல்லட்டுமா?”

ஜமீலா தலையாட்டினாள். அவர் காத்திருந்தார். “சொல்லுங்க” என்றாள். “அண்ணன் இருக்கட்டுமா, செத்த வெளிய போகட்டுமா?” “இருக்கட்டும்.”

சொன்னார். “கீழ ரெண்டு பல்லுன்னு சொன்னே. மேல ஒன்னு எட்டிப் பாக்குதுன்னே. பால் குடிக்கும்போது தன் காதைத் தானே பிடிச்சுக்கும்னே, எடது காதை. ஃபேன் சுத்துனா சிரிக்காது, நின்னா சிரிக்கும்னே. சிரிச்சா மூக்கு சுருங்கும், அழுதா சுருங்காதுன்னே. தவழும்போது ஒரு காலை இழுத்துக்கிட்டு வரும்னே.” இப்படிப் பதினோரு விஷயங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘நீ சொன்னே’. தனக்குத் தெரியும் என்று ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. ஜமீலா ஒவ்வொன்றுக்கும் உதடு அசைத்தாள். முடிந்ததும், “வேற?” என்றாள்.

“அம்புட்டுத்தான் தாயி.”

“வேற எதும் சொல்லலியா நானு?”

“சொல்லல.”

பிறகு வருடத்துக்கு நாலைந்து முறை போவாள். ஒவ்வொரு முறையும் அதே பதினொன்று, அதே வரிசை, கடைசியில் அதே ‘வேற?’. சிலநாள் என்னை இருக்கச் சொல்வாள், சிலநாள் வெளியே போகச் சொல்வாள். ஒருநாள் தாங்கமுடியாமல் அவரிடம் தனியாகக் கேட்டேன்.

“கூட ரெண்டு சேத்துச் சொன்னாத்தான் என்ன அண்ணாச்சி? அவ மூஞ்சியைப் பாக்க முடியல. கை தட்டும்னு சொல்லுங்க. எல்லாப் பிள்ளையும் தட்டும்.”

“அந்தப் பக்கம் ஆள் இருக்கு தம்பி” என்றார்.

மரப்பெட்டி வேலையை அவர் விடவும் இல்லை. நான் விட்டால் கேட்காமல் போடுகிறவன் வருவான் என்றார். ஆனால் கேட்பதிலும் நிம்மதி போய்விட்டது. “கேக்காம செஞ்சாத் தப்பு. கேட்டுச் செஞ்சும் தப்பாப் போச்சே. எப்படித்தான் செய்யுறது?” என்று என்னிடமே கேட்டார். வாசித்தவன் அல்லவா நான்.

தொண்ணூறுகளில் மனநல ஆஸ்பத்திரிகளுக்கென்று புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் வேண்டும், அதிகாரிகள் பார்வையிடுவார்கள் என்றார்கள். அண்ணாச்சிக்குப் புது உயிர் வந்தது. ஒரு மனு எழுதித்தரக் கேட்டார். நான் ‘மாண்புமிகு’ என்று தொடங்கி இரண்டு பக்கம் முழக்கினேன். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இது நான் சொல்லலியே” என்றார். கடைசியில் நின்றது மூன்று வரி: சம்மதம் கேட்கிற ஆளும் சுவிட்சு போடுகிற ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது. நோயாளிக்குப் பிரியமான ஆள் கேட்கக் கூடாது. வேண்டாம் என்று சொன்னால் யார் மனமும் நோகாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

பார்வையிட வந்த அன்று நானும் ஜமீலாவும் அங்கே இருந்தோம். மூன்று பேர் வந்தார்கள். ஜன்னல்களைப் பார்த்தார்கள், கக்கூஸைப் பார்த்தார்கள், சிவப்பு மணல் வாளியைப் பார்த்து உள்ளே வெற்றிலை எச்சில் இருந்ததைக் கண்டித்தார்கள். சம்மதப் பத்திரங்களைப் புரட்டி, எல்லாவற்றிலும் கையெழுத்து இருப்பதில் திருப்தி அடைந்தார்கள். அப்போது அண்ணாச்சி முன்னால் போய், “ஒன்னு சொல்லட்டுமாங்கய்யா?” என்று மனுவை நீட்டினார்.

“நீங்க யாரு?”

“மெஷின் பாக்குறவன்ங்கய்யா. கரண்டு நான்தான் வைக்கேன்.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“எட்டாவது. மில்லுல எலக்ட்ரீசியன்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். தகுதியில்லாத ஆள் மூளைக்கு மின்சாரம் வைக்கிறார் என்று எழுதினார். அன்று அவர்கள் கண்டுபிடித்த பெரிய குற்றம் அது ஒன்றுதான். அடுத்த வாரம் டாக்டர் கண்ணைப் பார்க்காமல் அண்ணாச்சியை அனுப்பிவைத்தார்.

நான் கொதித்தேன். அவர் கொதிக்கவில்லை. “அவிய எழுதுனதுல என்ன தப்பு? எட்டாவது படிச்சவன் வைக்கலாமா? நானே அதிகாரியா இருந்தா என்னைத்தான் மொதல்ல வெளிய அனுப்புவேன்” என்றார். “அந்தக் காயிதத்தையும் படிச்சிருந்தாவன்னா நல்லாருந்திருக்கும்.”

நர்சிங் ஹோமில் பிறகு நல்ல மெஷின் வந்தது, மயக்கம் கொடுக்க டாக்டர் வந்தார். ஒரு பக்கப் பத்திரம் மூன்று பக்கமானது. படிக்காமல் கையெழுத்துப் போட இப்போது மூன்று இடம்.

வேலை போனபின் அண்ணாச்சி தன் ஊரான செட்டியார்பட்டியில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டினார். நடுவே ஒருநாள் மட்டும் வேறு வேலைக்குப் போனார். ராஜபாளையத்தில் பரீட்சைக்குப் படிக்கிறவர்களின் ஞாபகசக்தியை வளர்க்கிறோம் என்று ஒரு நிலையம் திறந்திருந்தார்கள். தலையில் பட்டை கட்டுவார்கள். மனம் அடங்கினால் பெட்டி ‘பீப்’ என்று கத்தும், கத்தக் கத்த மூளை பழகும் என்றார்கள். அந்தப் பெட்டிக்கு லைசென்ஸும் கிடையாது, சட்டமும் கிடையாது, எட்டாவது படித்தவர் தாராளமாக வரலாம். அண்ணாச்சி பட்டையை முதலில் ஓர் ஈரத் துண்டில் சுற்றினார். துண்டுக்கும் பெட்டி கத்தியது. வந்திருந்த பெற்றோர்களைக் கூப்பிட்டுக் காட்டி, “துண்டுக்கு மனசு அடங்கிருச்சு. இதுக்குப் பொறவும் பிள்ளைக்குக் கட்டட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் அவருக்கு மாரடைப்பு. சேதி வந்து நாங்கள் செட்டியார்பட்டி போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். ஜமீலாவுக்கு அப்போது இரண்டு பையன்கள், தலையில் ஒன்றிரண்டு நரை. அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா, “உன் பிள்ளையப் பத்தி எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. அது அவ சொத்துன்னுட்டாவ” என்றார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜமீலாவின் உதடு அசைந்துகொண்டே வந்தது. எண்ணிக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தது. பதினொன்று முடிந்து, கொஞ்சம் நிறுத்தினாள். ‘வேற?’ என்று கேட்க இனி ஆள் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே தொழிலால் இந்தப் பாவத்துக்குப் பரிகாரம் தேடுவது என்று முடிவுசெய்தேன். அவள் என்னை இருக்கச் சொன்ன நாட்களில் கேட்டதை வைத்து எழுதத் தொடங்கினேன். விட்டுப்போன இடங்களை, எத்தனையோ குழந்தைகளைப் புத்தகங்களில் பார்த்தவன்தானே, நிரப்பினேன். மழலைக்கு ஒரு பக்கம். கொலுசுக்கு ஒரு பக்கம். மழை நின்ற மாலையில் அது வானத்தைப் பார்த்துக் கை நீட்டிய காட்சி ஒன்று, எழுதும்போது நானே அழுதேன். இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டியது நாற்பது பக்கம் வந்தது. நல்ல நோட்டில், மை ஊறாத தாளில் படியெடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவள் கையில் கொடுத்தேன். எழுதட்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜமீலா அடுப்பைத் தணித்துவிட்டு, நின்றபடியே கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தாள். இடையில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. மூடி, அட்டையில் பட்ட மாவைத் தட்டிவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லா எழுதியிருக்கண்ணே” என்றாள். “யாரு பிள்ளை இது?”